ஊசி புதுசு, சரி, மை?

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி ரத்ததான முகாமில் உதவிக்கு நின்றுகொண்டிருந்தேன். வரிசையில் வந்த ஒரு பையனுக்கு இருபது வயது இருக்கும். எடை சரி, ரத்த அழுத்தம் சரி, ஹீமோகுளோபின் சரி. படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்த நர்ஸ் அக்கா அவன் முன்கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எப்ப குத்துனது தம்பி?" என்று கேட்டார். "ஆனித் தேருக்குக்கா" என்றான். அப்போது புரட்டாசி. "அப்ப அடுத்த ஆனி முடியட்டும், வாங்க" என்று படிவத்தை ஓரமாக வைத்துவிட்டார். பையன் முகம் சுண்டிப்போனது. "எனக்கு ஒரு கெட்ட பழக்கமும் கிடையாதுக்கா" என்று இரண்டு தடவை சொன்னான்.

அவனை யாரும் குறை சொல்லவில்லை. பச்சை குத்திக்கொண்டாலும், காது மூக்கு போன்ற இடங்களில் துளை போட்டுக்கொண்டாலும் 12 மாதம் ரத்தம் கொடுக்கக் கூடாது என்பது நம் நாட்டு ரத்த வங்கிகள் பின்பற்றும் விதி. அந்த விதி ஏன் வந்தது என்று புரிந்துவிட்டால் போதும். டாட்டூ கடையில் எதைப் பார்க்க வேண்டும், காதுகுத்துக்குப் போகும்போது எதைக் கேட்க வேண்டும், அரசாங்கம் எதைக் கட்டுப்படுத்த வேண்டும் என்பதெல்லாம் அதிலிருந்தே விளங்கிவிடும்.

நம் தோல் ஒரு கோட்டை மதில் மாதிரி. கிருமி எவ்வளவோ மேலே படுகிறது, உள்ளே போவதில்லை. பச்சை குத்தும் ஊசி அந்த மதிலில் ஓட்டை போடுகிறது. மை மேல்தோலில் நின்றால் சில வாரங்களில் தோல் உரியும்போது அதுவும் போய்விடும். அதனால் ஊசி ஒன்று, இரண்டு மில்லிமீட்டர் ஆழம் இறங்கி, ரத்தக் குழாய்கள் ஓடும் அடுத்த அடுக்கில் மையைக் கொண்டுபோய் வைக்கிறது. அங்கே உள்ள வெள்ளை அணுக்கள் மையை அந்நியப் பொருள் என்று விழுங்கிக்கொண்டு அதே இடத்தில் உட்கார்ந்துவிடுகின்றன. நாம் ஆயுளுக்கும் பார்க்கிற படம் அதுதான். 1891-ல் நியூயார்க்கில் சாமுவேல் ஓ'ரெய்லி என்பவர் மின்சார டாட்டூ இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். எடிசனின் மின்சாரப் பேனாவைப் பார்த்து வந்த யோசனை அது. இன்றைய இயந்திரம் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை குத்தும். ஒரு சின்னப் பெயரை எழுதி முடிப்பதற்குள் உடம்பில் எத்தனை வாசல் திறக்கிறது என்று கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த வாசல் வழியாக முக்கியமாகப் பயப்பட வேண்டிய வைரஸ்கள் மூன்று: கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி, அப்புறம் எச்.ஐ.வி. நம் ஊரில் எச்.ஐ.வி.க்குத்தான் எல்லோரும் பயப்படுவார்கள். ஆனால் ஊசி விஷயத்தில் பெரிய வில்லன் ஹெபடைட்டிஸ் பி. ஆஸ்பத்திரி ஊழியர்களுக்குத் தவறி ஊசி குத்திவிடும் விபத்துகளைப் பல வருடம் கணக்கெடுத்து வைத்திருக்கிறார்கள். நோயாளியிடம் வைரஸ் இருந்தால், எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு 1,000-க்கு 3. ஹெபடைட்டிஸ் சி 100-க்கு 2-க்கும் குறைவு. தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைட்டிஸ் பி 100-க்கு 6 முதல் 30 வரை. அது குழாய் ஊசிக்கான கணக்கு. டாட்டூ ஊசியின் உள்ளே குழாய் கிடையாது, ஒட்டும் ரத்தமும் குறைவு. ஆனால் ஒரு குத்தோடு அது நிற்பதில்லையே. இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். காய்ந்துபோன ரத்தத்தில், கண்ணுக்கே தெரியாத அளவில், ஹெபடைட்டிஸ் பி வைரஸ் குறைந்தது 7 நாள் உயிரோடு இருக்கும். திங்கட்கிழமை வந்தவருடைய ரத்தம் ஞாயிற்றுக்கிழமை வருகிறவருக்கு நோய் தரலாம்.

இதைச் சொன்னால் எங்கள் ஆச்சி ஒப்புக்கொள்ள மாட்டாள். ஆச்சியின் வலது முன்கையில் ஒரு தேர்க்கோலம் இருந்தது, வயசாகச் சுருங்கி பச்சையும் நீலமுமாக. பச்சை குத்தும் அம்மா ஊருக்கு வந்தால் திண்ணையில் பிள்ளைகளை வரிசையாக உட்கார வைப்பாளாம். மஞ்சள் பொடியையும் அகத்திக்கீரையையும் துணியில் சுற்றிக் கருக்கி எடுத்த மை சிரட்டையில் இருக்கும். நாலைந்து ஊசியை நூலால் சேர்த்துக் கட்டி, விளக்குமாற்றுக் குச்சியால் கோலம் வரைந்து, பாட்டுப் பாடிக்கொண்டே குத்துவாள். வலி தெரியாமல் இருக்கத்தான் பாட்டு. கூலி நெல். "தெருவே ஒரே ஊசில குத்திக்கிட்டோம், எங்களுக்கு என்ன வந்துட்டு?" என்பாள் ஆச்சி.

நியாயமான கேள்விதான். பதில் இது: ஹெபடைட்டிஸ் பி-யும் சி-யும் பெரும்பாலும் வந்தவுடன் தெரியாது. கண் மஞ்சளாகிற காமாலை எல்லோருக்கும் வராது. கிருமி கல்லீரலில் சத்தமில்லாமல் இருபது, முப்பது வருடம் கிடந்து, பிறகு கல்லீரல் சுருக்கமாகவோ புற்றுநோயாகவோ தலைகாட்டும். வயிற்றில் நீர் கோத்து வீங்கிச் செத்தவர்களை அந்தக் காலத்தில் மகோதரம் என்றார்கள், விதி என்றார்கள். அதற்குப் பல காரணங்கள் இருந்திருக்கும். ஆனால் முப்பது வருடத்துக்கு முன் திண்ணையில் குத்திய ஊசியையும் இந்த வீங்கிய வயிற்றையும் சேர்த்துப் பார்க்க அன்றைக்கு ஒரு வழியும் இல்லை. காமாலை என்றால் கீழாநெல்லி என்று முடித்துவிட்ட வீடுகளில் இன்றைக்கும் அதே கதைதான்.

இப்போது கடைக்கு வருவோம். டாட்டூ குத்திக்கொள்ளப் போகிற பிள்ளைகள் எல்லோரும் ஒரு கேள்வி மட்டும் மறக்காமல் கேட்கிறார்கள்: "அண்ணே, ஊசி புதுசா?" அவரும் பாக்கெட்டைக் கண் முன்னால் பிரித்துக் காட்டுவார். நல்லது. காலாவதி தேதியையும் பாருங்கள். ஆனால் ஆபத்து அதோடு தீர்ந்துவிடுவதில்லை. நான் ஒரு திருவிழாக் கடையில் பத்து நிமிடம் நின்று பார்த்ததைச் சொல்கிறேன்.

பக்கத்தில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் மூடி, அதில் கறுப்பு மை. ஊசி மையில் முங்குகிறது, தோலில் குத்துகிறது, துளித்துளியாக ரத்தம் கசிகிறது, டிஷ்யூவால் துடைக்கிறார், ஊசி மறுபடியும் மையில் முங்குகிறது. இப்படியே நூறு தடவை. அப்படியென்றால் அந்த மூடியில் இருப்பது வெறும் மை கிடையாது, மையும் குத்திக்கொள்கிறவருடைய ரத்தமும். அடுத்த ஆள் உட்கார்ந்தார். கடைக்காரர் புது ஊசி மாட்டினார். அதே மூடியில் மிச்சம் இருந்த மையின் மேல் இன்னும் நாலு சொட்டு ஊற்றிக்கொண்டார். புத்தம் புது ஊசி, போன ஆளின் ரத்தத்தில் முங்கிவிட்டு இந்த ஆளின் கைக்குள் போனது. நடுவில் போன் அடித்தது. கிளவுஸ் போட்ட கையாலேயே எடுத்துப் பேசினார், அதே கிளவுஸோடு மை பாட்டிலைத் திறந்தார். அவர் கெட்டவர் இல்லை. கை அவ்வளவு சுத்தமாகக் கோடு போடுகிறது. ரத்தம் எந்த வழியில் போகிறது என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

அதனால் ஊசியோடு சேர்த்துக் கேளுங்கள்: மை மூடி புதுசா? எனக்கு ஊற்றியதில் மிச்சத்தைக் கொட்டிவிடுவீர்களா? பாட்டில், ஸ்பிரே, மெஷின், ஒயர் எல்லாவற்றையும் ஆளுக்கு ஆள் மாற்றும் பிளாஸ்டிக் உறையால் மூடியிருக்கிறீர்களா? ஷேவ் பண்ண எடுத்த ரேசர் புதுசா? போனைத் தொட்டால் கிளவுஸ் மாற்றுவீர்களா? கேட்டால் கோபப்படுகிற கடையை விட்டு எழுந்து வந்துவிடலாம். கூச்சமே வேண்டாம்.

மை பாட்டிலே கெட்டுப்போயிருந்த கதையும் உண்டு. 2011-12-ல் அமெரிக்காவில் ராச்செஸ்டர் என்ற ஊரில் ஒரே கலைஞரிடம் குத்திக்கொண்ட 19 பேருக்கு, காசநோய்க் கிருமியின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பாக்டீரியாவால் தோலில் தடிப்பு வந்தது. அவர் மேல் தப்பில்லை. கம்பெனியிலேயே காய்ச்சி வடித்த நீரை ஊற்றி மையை இளக்கியிருந்தார்கள். காய்ச்சி வடித்த நீர் என்றாலே கிருமியற்றது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம், அப்படிக் கிடையாது. குழாய்த் தண்ணீரை ஊற்றி மையை இளக்குகிற கடையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

சுத்தம் என்ற வார்த்தையிலேயே நமக்குக் குழப்பம் இருக்கிறது. டெட்டாலில் முக்கினால் கிருமி குறையும். கொதிக்கிற தண்ணீரில் போட்டால் இன்னும் குறையும். ஆனால் ஓடு போட்டுக்கொண்டு தூங்குகிற சில கிருமிகள் 100 டிகிரியிலும் சாவதில்லை. அதற்கு ஆட்டோகிளேவ் வேண்டும். நம் வீட்டுக் குக்கரின் பெரிய அண்ணன்தான் அது. அழுத்தத்தில் நீராவியை 121 டிகிரிக்கு ஏற்றி, குறைந்தது 15 நிமிடம் வைத்திருக்கும். ஸ்டீல் பிடி போன்ற திரும்பப் பயன்படுத்தும் சாமான் எதுவானாலும் முதலில் தேய்த்துக் கழுவி, அப்புறம் இதற்குள் போய் வர வேண்டும். ஊசியைப் பொறுத்தவரை அந்தப் பேச்சுக்கே இடமில்லை. ஒரு ஆளுக்கு ஒரு தடவை, பிறகு குத்தினாலும் துளைக்காத டப்பாவில் போட்டு மூடிவிட வேண்டும். ஆஸ்பத்திரிகளுக்கான 2016-ம் வருட மருத்துவக் கழிவு விதிகளில் கூர்மையான பொருளுக்கென்றே வெள்ளை நிற டப்பா உண்டு. குப்பைத் தொட்டியில் ஊசியைப் போட்டால், நாளைக் காலையில் தூய்மைப் பணியாளரின் கையில்தான் அது குத்தும்.

காதுகுத்து நம் பக்கத்தில் சின்ன விஷயம் கிடையாது. பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலில் பாருங்கள், திருச்செந்தூரில் பாருங்கள். மொட்டை, தாய்மாமன் மடி, கூட்டம், அழுகை, கையில் ஒரு மிட்டாய். இந்தச் சீமையில் காதுக்கு ஒரு தனிச் சரித்திரமே இருக்கிறது. துளையில் கனமேற்றி வளர்த்து, தோள் வரை தொங்கும் வடித்த காதில் பாம்படம் போட்ட ஆச்சிகளை என் வயதுக்காரர்கள் கண்ணால் பார்த்திருக்கிறோம். அதனால் "காது குத்தாதீர்கள்" என்று நான் சொல்லப் போவதில்லை. சில மாற்றங்கள் போதும்.

முதலில் நாள். குழந்தைக்கு ஆறாவது, பத்தாவது, பதினான்காவது வாரங்களில் ஐந்து நோய்களுக்குச் சேர்த்து பென்டாவேலன்ட் தடுப்பூசி போடுகிறார்கள். தமிழ்நாட்டில் இது 2011 டிசம்பரில் வந்தது. அந்த ஐந்தில் டெட்டனசும் ஹெபடைட்டிஸ் பி-யும் இருக்கின்றன. ஊசி கொண்டு வரக்கூடிய இரண்டு பெரிய ஆபத்துகளுக்கு அங்கேயே பாதுகாப்பு ஆகிவிடுகிறது. ஆகவே மூன்று தவணையும் முடிந்த பிறகு, ஐந்தாம் மாதமோ ஏழாம் மாதமோ, காது குத்துங்கள். ஒற்றைப்படை மாதமும் ஆச்சு, தடுப்பூசியும் ஆச்சு.

அடுத்தது கம்பி. சில ஆசாரிமார் தங்கக் கம்பியின் நுனியையே கூராக்கி, அதனாலேயே குத்தி, அப்படியே வளைத்துவிடுவார்கள். அந்தக் கம்பி அந்தப் பிள்ளைக்கே சொந்தம், இன்னொரு காதுக்குப் போகாது. அந்த வகையில் அது நல்ல முறை. குத்துகிறவர் சோப்புப் போட்டுக் கை கழுவி, புதுக் கையுறை போட்டு, ஸ்பிரிட்டில் காதின் கீழ்ச் சோணையைத் துடைத்துக் காயவிட்டுக் குத்தினால் பாதிக் கவலை போயிற்று. முந்தின பிள்ளைக்குக் குத்திய ஊசியை வேட்டி நுனியில் துடைத்துவிட்டு அடுத்த பிள்ளைக்கு எடுப்பதை மட்டும் தாய்மாமன் தைரியமாகத் தடுக்க வேண்டும். விளக்குச் சுடரில் காட்டினால் சரியாகிவிடும் என்பதும் சரியில்லை. எந்தப் பகுதி எவ்வளவு நேரம் சுட்டது என்று யாருக்குத் தெரியும்? ஊசியில் கரிதான் ஒட்டும். ஆசாரியிடம் முதல் நாளே ஒரு வார்த்தை பேசி, மருந்துக்கடையில் சீல் வைத்த புது ஊசி ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டால் விழாவன்று வாக்குவாதமே வராது. கடலில் குளிப்பது, அருவியில் குளிப்பது எல்லாம் காது குத்துவதற்கு முன்னால் முடியட்டும்.

'கன் ஷாட்' என்று கடைகளில் துப்பாக்கி வைத்துக் குத்துகிறார்கள். பிளாஸ்டிக் உடம்பு கொண்ட துப்பாக்கியை ஆட்டோகிளேவில் வைக்க முடியாது. மழுங்கலான கம்மல் தண்டைப் பலமாக உள்ளே தள்ளுவதுதான் அது செய்யும் வேலை. மிருதுவான சோணையில் பெரும்பாலும் சமாளித்துக்கொள்ளும். காதின் மேல் மடலில் மட்டும் அதை அனுமதிக்காதீர்கள். இப்போது கல்லூரிப் பிள்ளைகள் விரும்பிக் குத்துவது அந்த இடத்தில்தான் என்பதால் அழுத்திச் சொல்கிறேன். மேல் மடல் குருத்தெலும்பு. அதற்குள் ரத்தக் குழாய் கிடையாது. மேலே ஒட்டியிருக்கும் மெல்லிய சவ்விலிருந்துதான் அதற்குச் சாப்பாடு. அங்கே சீழ் பிடித்தால் மருந்தும் சுலபமாகப் போய்ச் சேராது, குருத்தெலும்பு கரைந்து காது சுருங்கிவிடும். சோணை ஆறு முதல் எட்டு வாரத்தில் ஆறும். மேல் மடலுக்கு மாதக்கணக்கில் ஆகும், சிலருக்கு ஒரு வருடம்கூட. மடல் சிவந்து, சூடாகி, தொட முடியாமல் வலித்தால் மஞ்சள் பற்றுப் போட்டுக் காத்திருக்காமல் அன்றைக்கே காது மூக்குத் தொண்டை டாக்டரைப் பாருங்கள்.

குடும்பத்தில் யாருக்காவது தழும்பு உருண்டையாக வளரும் சுபாவம் இருந்தால், துளை போடும் முன் இரண்டு தடவை யோசியுங்கள். அப்புறம், முதல் கம்மல் மலிவு உலோகத்தில் வேண்டாம். அதிலுள்ள நிக்கல் ஒரு தடவை ஒவ்வாமையைக் கிளப்பிவிட்டால், பிறகு ஆயுள் முழுக்க வாட்ச் பக்கிள்கூட அரிக்கும்.

சரி, அரசாங்கம் என்ன செய்ய முடியும்? 1961-ல் நியூயார்க் நகரம் ஹெபடைட்டிஸ் பயத்தில் டாட்டூவையே தடை செய்தது. தொழில் நிற்கவில்லை. வீடுகளுக்குள்ளும் அறைகளுக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டது. சுகாதார அதிகாரி போய்ப் பார்க்கக் கடையே இல்லை. 1997-ல் தடையை எடுத்துவிட்டார்கள். இங்கிலாந்து வேறு வழியில் போனது. 1982-ம் வருடச் சட்டப்படி டாட்டூ, காதுகுத்து, அக்குபங்சர் செய்கிறவரும் செய்கிற இடமும் உள்ளாட்சியில் பதிவாக வேண்டும் என்று விதி வந்தது, சுத்தத்துக்கு உள்ளாட்சியே துணைவிதி போடலாம். 18 வயது ஆகாதவருக்கு டாட்டூ குத்துவது அங்கே 1969-லிருந்தே குற்றம். வேல்ஸில் 2024 நவம்பர் 29 முதல் உரிமமே கட்டாயம். மையை ஐரோப்பிய ஒன்றியம் பிடித்துக்கொண்டது. 2022 ஜனவரி 4 முதல் ஆயிரக்கணக்கான ரசாயனங்களுக்கு டாட்டூ மையில் தடையோ அளவுக் கட்டுப்பாடோ உண்டு.

இந்தியாவில் டாட்டூவுக்கென்று நாடு தழுவிய தனிச் சட்டம் இல்லை. உள்ளாட்சியின் தொழில் உரிமம், பொதுச் சுகாதாரச் சட்டம், ஏதாவது நடந்தபின் குற்றவியல் சட்டம், இவைதான் கையில் இருப்பவை. 2024 டிசம்பரில் திருச்சியில் ஒரு டாட்டூ கடையில் வாலிபர்களின் நாக்கை அறுத்து இரண்டாகப் பிளந்த செய்தி வெளியே வந்தது. போலீஸ் கைது செய்தது, மாநகராட்சி கடைக்குச் சீல் வைத்தது. படம் வலைத்தளத்தில் பரவிய பிறகுதான் அதிகாரிகள் அங்கே போனார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வருத்தம்தான். 1939-லேயே பொதுச் சுகாதாரத்துக்கென்று சட்டம் போட்ட மண் இது. ஹோட்டல் சமையலறையை எட்டிப் பார்க்கிற மாநகராட்சிச் சுகாதார ஆய்வாளர், டாட்டூ கடையையும் வருடத்துக்கு இரண்டு தடவை பார்த்தால் போதும். கை கழுவக் குழாய் இருக்கிறதா, ஊசி டப்பா இருக்கிறதா, குத்துகிறவர் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போட்டிருக்கிறாரா, யாருக்கு எந்தத் தேதியில் எந்த மை என்று நோட்டில் எழுதுகிறாரா. அந்த நோட்டு ரொம்ப முக்கியம். நாளைக்கு ஒருவருக்கு நோய் வந்தால், அதே வாரம் வந்த மற்றவர்களைத் தேடிப் பிடிக்க அது ஒன்றுதான் வழி. திருவிழாத் தற்காலிகக் கடைக்கும் இதே விதி வர வேண்டும். ஆனித் தேர் நாளில் ரத வீதியில் எத்தனை பேர் கை நீட்டுகிறார்கள் என்று பார்த்தவர்கள் இதை மறுக்க மாட்டார்கள்.

குத்தியாகிவிட்டதா? புதுப் பச்சை ஒரு சிராய்ப்புக் காயம்தான். சோப்பும் சுத்தமான தண்ணீரும் போட்டு மெதுவாகக் கழுவி, ஒற்றித் துடைத்து, மெல்லிசாகக் களிம்பு தடவினால் போதும். காயம் ஆறும்வரை, இரண்டு மூன்று வாரமாவது, ஆற்றில் முங்காதீர்கள். சீசனுக்குக் குற்றாலம் போய், மத்தியானம் டாட்டூ குத்திக்கொண்டு சாயங்காலம் அருவியில் நிற்கிற பிள்ளைகளே, வரிசையை மாற்றுங்கள். முதல் நாள் அருவி, கடைசி நாள் டாட்டூ. அங்கே கறுப்பு மெஹந்தி என்று வரைகிறார்களே, அதிலும் கவனம் வேண்டும். மருதாணி சிவக்குமே தவிர கரி மாதிரி கறுக்காது. பல சமயம் அதில் கலந்திருப்பது தலைமுடிச் சாயத்தின் ரசாயனம். அது தோலைக் கொப்பளிக்க வைத்துவிடும்.

சந்தேகமான இடத்தில் குத்திக்கொண்டவர்கள் பயந்துகொண்டு உட்கார வேண்டாம். அன்றைக்கே சந்தேகம் வந்தால் 72 மணி நேரத்துக்குள் அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள், எச்.ஐ.வி.யைத் தடுக்கும் மாத்திரை அதற்குள்தான் பலன் தரும். நாள் கடந்திருந்தால் நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம், விவரம் வெளியே போகாது. 1097 என்ற எண்ணில் கேட்கலாம். ஹெபடைட்டிஸ் சி-க்குத் தடுப்பூசி இல்லை, ஆனால் சில மாதம் மாத்திரை சாப்பிட்டால் பெரும்பாலும் முழுதாகக் குணமாகிவிடும். 2018-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் அதற்கும் ஹெபடைட்டிஸ் பி-க்கும் மருந்து இலவசம்.

முகாமில் அந்தப் பையனை ஓரமாக உட்கார வைத்து இதையெல்லாம்தான் சொன்னேன். ரத்தத்தில் நோய் தெரிய வாரங்களும் மாதங்களும் ஆகும், அதற்குள் எடுத்தால் பரிசோதனை சுத்தம் என்று காட்டிவிடும், அதை ஒரு பிரசவக்காரிக்கு ஏற்றிவிட்டால் என்ன ஆகும் என்று சொன்னதும் அவன் முகம் மாறியது. "மை மூடியப் பாக்கவே இல்லண்ணே, அதே மூடிதான்னு நினைக்கேன்" என்றான். அப்போது குத்தி மூன்று மாதம் ஆகிவிட்டிருந்தது. ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் எந்தப் பக்கம் போய்க் கேட்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். மார்கழியில் இன்னொரு தடவை பரிசோதனை எடுக்க வேண்டும் என்பதையும் அவனே கீழே எழுதிக்கொண்டான்.